கேரியரைப் பிடித்த கை

என் பெரியம்மாவின் இடது முழங்காலுக்குக் கீழே, பழைய நாலணாக் காசு அளவுக்கு ஒரு வெளுத்த தழும்பு உண்டு. என்னவென்று கேட்டால் "இதுவா, இது புளியமரம்" என்பார். வலது முழங்கையில் இருக்கிற நீளமான கோடு "பள்ளிக்கூடத்துச் சுவர்". 1992-ல், முப்பத்து நாலு வயதில், மூன்று பிள்ளை பெற்ற பிறகு சைக்கிள் பழகினார். அப்போது விழுந்த இடங்களின் பெயர்கள்தான் இவை. ஊர், புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர்ப் பக்கம். அந்த இரண்டொரு வருஷத்தில் அந்த மாவட்டத்தில் இப்படித் தழும்பு வாங்கியவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. சைக்கிள் பழகிய கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுகிறவர்களுக்கு இன்றைக்கு வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை. ரயில் நிலையப் புத்தகக் கடையில் பாதி அலமாரி அவர்கள் வசம். அதிகாலையில் எழு, டைரி எழுது, உனக்குள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடி. இந்தப் புத்தகங்களைப் புரட்டும்போதெல்லாம் பெரியம்மா ஞாபகம்தான் வரும். அதிகாலையில் எழ அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாலரைக்கு மாடு கத்தும், எழுந்துதான் ஆக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நேரம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் நான் பார்க்க நன்றாக வளர்ந்த மனுஷர்களில் முதலாவதாக அவரைத்தான் சொல்வேன். அது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. செம்மண், கண்மாய், தைலமரக் காடு, கடலைக் கொல்லை, கல்குவாரி. எழுத்துக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. குடுமியான்மலைப் பாறையில் சுரங்களை வரிசை வரிசையாகச் செதுக்கிய சங்கீதக் கல்வெட்டு ஆயிரம் வருஷத்துக்கும் மூத்தது. இந்த வட்டாரத்துப் பாறைகளை உடைத்து ஜல்லியாக்கிய பெண்களில் பெரும்பாலோருக்கு 1990 வரைக்கும் தன் பெயரை எழுதத் தெரியாது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் பிறந்ததும் புதுக்கோட்டையில்தான். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண் பிள்ளை சேர்வதா என்று எழுந்த எதிர்ப்பைத் தாண்டி, தொண்டைமான் மன்னர் அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஒரு பெண்ணுக்குத் திறந்த கதவு, கொல்லையில் களை எடுக்கிற பெண்கள் பக்கம் திரும்ப முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது 1988-ல். 1990-ல் எர்ணாகுளம், நாட்டின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சூட்டோடு தமிழ்நாட்டுக்கு வந்தது அறிவொளி இயக்கம். புதுக்கோட்டையில் 1991-ல் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ராத்திரியில் தெருவிளக்கடியிலோ கோயில் வாசலிலோ அரிக்கேன் வெளிச்சத்தில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் அதில் நிறையப் பேர்.

அங்கேதான் சிக்கல் வந்தது. பாடம் நடத்தப் பெண் தொண்டர் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். எப்படிப் போவது? பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சில ஊர்களுக்கு அதுவும் இல்லை. அண்ணனோ புருஷனோ கொண்டுபோய் விட்டால் உண்டு. எழுத்து போய்ச் சேர வேண்டுமென்றால் முதலில் ஆள் போய்ச் சேர வேண்டும். எனவே ஆட்சியர் சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். படிப்பு, எழுத்து, கணக்கு, கூடவே சைக்கிள். வங்கிகளிடம் பேசிப் பெண்களுக்கு சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தார். அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு 1,500 பெண்கள் மணியடித்தபடி புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் போனார்கள். பார்த்தவர்களுக்கு அது திருவிழாவா, ஊர்வலமா என்று புரியவில்லை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அடுத்த சில வருஷங்களில் இந்தப் பக்கம் வந்து கிராமம் கிராமமாகச் சுற்றி எழுதினார். 1996-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் இந்தப் பெண்களைப் பற்றி ஓர் அத்தியாயமே உண்டு. வடநாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடத்தில் பல வருஷம் அதைப் படித்தார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளை விட்டுவிட்டால், மாவட்டத்தின் கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் சைக்கிள் ஓட்டக் கற்றிருந்தார்கள் என்பது அவர் தரும் கணக்கு. எழுபதாயிரம் பேருக்கு மேல் ஊர் முன்னால் ஓட்டிக் காட்டும் போட்டிகளில் கலந்துகொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே வருஷத்தில் 350 சதவீதத்துக்கு மேல் ஏறியதாக ஒரு கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அதுவும் குறைத்துச் சொன்ன கணக்குத்தான். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கிப் போன பெண்கள் அதில் சேரவில்லை. சிலர் விரும்பியே அதை வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா?

பெரியம்மா பழகியதும் அப்படி ஒரு ஜென்ட்ஸ் சைக்கிளில்தான். ஊரில் ஒரே ஒரு வாடகை சைக்கிள் கடை, மணிக்கணக்கில் வாடகை. சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பார் மேலே காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு அதைவிடக் கூச்சமான காரியம் வேறில்லை. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, "பொம்பள காலத் தூக்கிப் போட்டா வீடு வெளங்குமா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்வாராம். கண்மாய்க்கரையில் இளவட்டங்கள் வேடிக்கை பார்க்க வரிசையாக நிற்பார்கள். நாக்கூசுகிற பேச்சும் வரும். பெரியப்பா எதுவும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார்.

கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது அதே தெருவில் இருந்த பத்தொன்பது வயது அறிவொளிப் பெண். அவளே சைக்கிள் கற்றுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. இந்த விவரத்தைப் பெரியம்மா எப்போதும் விடாமல் சொல்வார். "அவளுக்கே அப்பத்தான் வந்துச்சு. அதான் எங்க பயம்னு அவளுக்குத் தெரிஞ்சுச்சு." சின்ன வயதிலிருந்தே குரங்குப் பெடல் போட்டுப் பழகிய ஆண்களுக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை. ஓட்டு, ஓட்டு என்பார்கள், எப்படி ஓட்டுவது என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் கற்றுக்கொண்டதை மறந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

சைக்கிள் விழாமல் நிற்பதில் ஒரு விசித்திரம் உண்டு. இடது பக்கம் சாய்கிறது என்றால் புதிதாக ஓட்டுகிறவர் கை தானாக வலது பக்கம் திருப்பப் பார்க்கும். அப்படித் திருப்பினால் விழுவது நிச்சயம். சாய்கிற பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும். சக்கரம் நம் எடைக்குக் கீழே வந்து நம்மைத் தாங்கிக்கொள்ளும். வண்டி மெதுவாகப் போனால் ஆட்டம் அதிகம், கொஞ்சம் வேகம் பிடித்தால் நிதானம் வரும். இதையெல்லாம் யாரும் வாயால் விளக்கிக் கற்றதில்லை. முழங்கால்தான் கற்றுக்கொள்ளும். இதை அப்படியே வாழ்க்கைக்குப் பொருத்தி ஒரு தத்துவம் சொல்லலாம் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். பெரியம்மா அப்படி எதையும் சொன்னதில்லை. எனக்கும் துணிச்சல் இல்லை. அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "கீழ பாத்தா விழுவ. தூரத்துல என்ன வருதுன்னு பாரு."

சைக்கிள் வந்ததும் என்ன மாறியது? வீட்டுக் கொல்லையில் கத்தரியும் வெண்டையும் முருங்கையும் போடுவார்கள். சந்தை ஏழெட்டு மைல் தள்ளி. விடிகிற நேரத்தில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். முதல் பஸ் வரும்போது சந்தை கலைகிற நேரம். நடந்து போவதென்றால் ராத்திரியே கிளம்ப வேண்டும். அதனால் வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி சொன்னதுதான் விலை. தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கம். பெரியம்மா கேரியரில் இரண்டு கூடையை வைத்துக் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்குக் கிளம்ப ஆரம்பித்தார். முதல் வாரம் சந்தையில் முருங்கைக்காய் விலையைக் கேட்டபோது அழுகை வந்ததாம். லாபம் கண்ட சந்தோஷத்தில் வந்த அழுகை என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. இத்தனை வருஷமாக எவ்வளவு போயிருக்கும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அந்தக் கணக்குப் போடவும் அறிவொளி வகுப்பில்தான் கற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு பக்கத்து வீட்டுக் கூடை ஒன்று சேர்ந்தது. அப்புறம் எதிர்வீட்டு மூட்டை. யாருக்கு எவ்வளவு விற்றது என்று எழுதி வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வந்தது. ஆறு மாதத்தில் பெரியம்மா ஊருக்குச் செய்தி கொண்டுவருகிறவராகவும் ஆகிவிட்டார். எந்த ஊரில் உர விலை என்ன, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டதா. சத்துணவு அமைப்பாளர்கள், கிராமச் செவிலியர்கள், செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற பெண்கள், குவாரிப் பெண்கள் என்று அந்தக் காலத்தில் அந்த மாவட்டத்துச் சாலைகளில் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் லட்சியத்தோடு பெடலை மிதித்திருப்பார்கள்? மிதித்துப் போன வழியில்தான் ஏதோ ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். "கஷ்டம்தான் மனுஷனைப் புடம்போடும்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெரியம்மாவின் மாமியாரும் அவருடைய மாமியாரும் அதே ஊரில், அதே பஸ் இல்லாத பாதையில், தலைச்சுமையோடு நடந்தவர்கள்தான். அந்தக் கஷ்டம் அவர்களுக்குத் தந்தது கூன் முதுகும் மூட்டுவலியும். கஷ்டத்துக்குத் தானாகச் சொல்லிக்கொடுக்கிற குணம் இருந்திருந்தால், நம் கிராமத்துக் கிழவிகள் எல்லோரும் ஞானிகளாகி இருக்க வேண்டும். 1992-ல் வேறாக நடந்ததற்குக் காரணங்கள் வேறு. கடன் கொடுக்க ஒரு வங்கி இருந்தது. கோப்பில் கையெழுத்துப் போடுவதோடு நிற்காமல் சாலைக்கு வந்த ஓர் ஆட்சியர் இருந்தார். கேலி செய்தவர்களை எதிர்த்து நிற்கத் தனியாளாக இல்லாமல் ஒரு கூட்டம் இருந்தது. பின்னால் ஓடிவர ஒரு பத்தொன்பது வயதுப் பெண் இருந்தாள். முழங்காலில் அடிபட்டால் மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டு "நாளைக்கு வா" என்று சொல்ல ஆள் இருந்தது. கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்து "இதிலிருந்து கற்றுக்கொள்" என்று உபதேசிப்பவர்கள், கேரியரைப் பிடிக்கத் தங்கள் கையை நீட்டியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.

ஒரு சக்கரம் கொண்டுவருகிற மாற்றத்தை நம்பாதவர்களுக்குக் கணக்கும் இருக்கிறது. பீகாரில் 2006-ல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டையும் ஆண் பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 2017-ல் வெளியான அவர்களது ஆய்வின்படி, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள். ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களும் கூடினார்கள். இந்த ஏற்றம் பெரும்பாலும் பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்த ஊர்களில்தான் தெரிந்தது. கைக்கெட்டிய தூரத்தில் பள்ளி இருந்த இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தமிழ்நாட்டில் 2001-02 கல்வியாண்டிலேயே பதினோராம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இலவச சைக்கிள் தொடங்கி, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. இன்றைக்குப் பள்ளி விடுகிற நேரத்தில் பின்னல் ஆட நாலு பேர் சேர்ந்து சாலையை அடைத்துக்கொண்டு போவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லாமல் போனதே பெரிய விஷயம்.

பெரியம்மாவின் கதையில் தோல்வியும் உண்டு. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கி 1996-ல் தேர்தல் வந்தபோது, வார்டு உறுப்பினருக்கு நின்றார். பதினோரு ஓட்டில் போனது. ஜெயித்தவர் ஊர்ப் பெரிய மனிதரின் மனைவி. ஐந்து வருஷத்தில் ஒரு கூட்டத்துக்கும் அவர் வரவில்லை, புருஷன்தான் வந்தார். பெரியம்மாவுக்கு ஆத்திரம் இருந்தது. ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வந்த காலத்தில் ஊக்குநராகச் சேர்ந்தார். சந்தைக் கணக்கு எழுதிய கைக்குச் சேமிப்புக் கணக்கும் வந்தது. குழுக் கடன் வாங்கிக் கட்டாமல் ஊரைவிட்டே போன ஒருத்தியின் தவணைக்காகப் பத்து வீட்டுப் படி ஏறி இறங்கினார். அந்தப் பத்து வீட்டிலும் ஏச்சு வாங்கினார். இதையெல்லாம் அவர் சாதனையாகச் சொல்வதில்லை. தலைவலி என்றுதான் சொல்வார்.

இயக்கங்கள் ஓயும். அறிவொளியும் ஓய்ந்தது. ஆட்சியர்கள் மாறினார்கள். மினி பஸ் வந்தது, டிவிஎஸ் 50 வந்தது, ஸ்கூட்டி வந்தது. அறிவொளியில் எழுதக் கற்றவர்களில், அதன்பின் கையில் பேனா பிடிக்க வாய்ப்பில்லாமல் மறுபடி கைநாட்டுக்குத் திரும்பியவர்களை எனக்கே தெரியும். பெரியம்மாவின் எதிர்வீட்டு அக்கா அப்படித்தான். தன் பெயரில் முதல் மூன்று எழுத்து வரை எழுதுவார், நாலாவது எழுத்தில் நின்றுவிடுவார். ஆனால் போன பொங்கலுக்கு, பேரனின் சைக்கிளை வாங்கி, அறுபது வயதுக்கு மேல், தெருமுனை வரைக்கும் ஓட்டிக் காட்டினார். எழுத்தைக் கைவிட்ட நினைவு சைக்கிளை விடவில்லை. அந்த இரண்டையும் ஒன்றாகக் கற்ற பெண்ணிடம் எது தங்கியது, எது போனது என்பதை இயக்கத்தை நடத்தியவர்கள் யோசித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தினமும் தேவைப்பட்டது தங்கியது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா இப்போது சைக்கிள் ஓட்டுவதில்லை. மூட்டு தேய்ந்துவிட்டது. புளியமரத்துக் கால்தான். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, அதில்தான் போய்வருகிறார். பார் வைத்த அந்தப் பழைய வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஞாபகத்துக்கு வைத்திருக்கலாமே என்று நான் ஆதங்கப்பட்டேன். "அது எடத்த அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தோம். இந்தக் கட்டுரைக்காக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தேன். விடுதலை, துணிச்சல், சுயமரியாதை என்று ஏதாவது வரும் என்பது என் கணக்கு. "பெரியம்மா, முப்பத்து நாலு வயசுல, ஊரே சிரிச்சப்போ, எதுக்காக அத்தனை தடவை விழுந்து விழுந்து கத்துக்கிட்டீங்க?"

உரித்த கடலையை முறத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"பஸ்ஸு வரலப்பா" என்றார்.